மூட்டத்துக்குக் குறுக்கே

“ஏர்வாடி தர்காவுக்குத்தேன் போகணும். நாப்பது நாளு அங்கன கெடந்தா…”

“ராம்நாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நேத்தே சொல்லிட்டேன் ஆத்தா.”

“…கெடந்தா எப்பேர்ப்பட்டதும் எறங்கிரும். கீழத்தெரு வெள்ளையம்மா மகளக் கட்டித் தூக்கிட்டுப் போனாக. திரும்பி வரையில தன் காலால நடந்து வந்தா.”

“அவளுக்கு இருந்தது வேற. இவளுக்குப் பேயில்ல.”

“நீ பாத்தியா? எந்தப் பள்ளிக்கூடத்துல வைத்தியம் படிச்ச?”

“நீ எந்தப் பள்ளிக்கூடத்துல பேயி படிச்ச?”

பிச்சையம்மாள் கையிலிருந்த மிளகாயைச் சாக்கில் விட்டெறிந்தாள். நெடி குப்பென்று கிளம்பி இருவருமே தும்மினார்கள். தும்மி முடித்துச் சண்டையை விட்ட இடத்தில் பிடித்தார்கள்.

இரண்டு பேருக்கும் நடுவில், சண்டைக்கே காரணமானவள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மீனம்மாள். பிச்சையம்மாளின் மூத்த மருமகள். முன்னால் ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீர். இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரைக்கும் அதில் முக்கி வைத்திருந்தாள். பத்து மாதமாக இதே இருப்புதான். விரல்கள் வெளுத்து, ஊறின புளியங்கொட்டை மாதிரி தோல் சுருங்கிப் போயிருந்தன. தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டால் எழுந்து போய்க் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் மொண்டு வருவாள்.

“நெருப்புக்கிட்டப் போக மாட்டேங்குறா. பொகையக் கண்டா ஊரு எல்லைக்கு ஓடுறா. ஒறக்கமில்ல. இது பேயி இல்லாம வேற என்னலே?”

“சுனாமி வந்தப்ப கடக்கரைச் சனங்களுக்கும் இப்படித்தேன் இருந்துச்சாம். தண்ணியக் கண்டா அலறுவாகளாம். அதுக்குன்னு படிச்சு வந்த புள்ள ஒண்ணு ராம்நாட்டுல, ஆசுபத்திரிக்குப் பின்னால ஒக்காந்துருக்காம். கையிலயே சரி பண்ணுதாம்.”

“கையில என்ன, மந்திரமா?”

“வெரல ஆட்டுமாம். அதப் பாத்துக்கிட்டே இருக்கணுமாம்.”

பிச்சையம்மாள் சிரித்தாள். “ஈ ஓட்டுறதுக்கா பஸ்சு ஏறிப் போற? இங்கனயே ஆயிரம் ஈ கெடக்கு.”

மகன் சோணைமுத்து சிரிக்கவில்லை. “வைகாசியில தம்பிக்குத் தலைத்தெவசம் வருது ஆத்தா. இந்த வீட்டு அடுப்புல ஒல வைக்கணும். மூத்த மருமக இருக்கையில வேற ஆரு வைப்பா? அதுக்குள்ள இவ எந்திரிக்கணும்.”

தம்பி என்ற சொல் காதில் விழுந்ததும் மீனம்மாள் கைகளை இன்னும் ஆழமாகச் சட்டிக்குள் அழுத்தினாள். தண்ணீர் விளிம்பு வழிந்து தரையில் ஓடியது. பிச்சையம்மாள் மிளகாய்ச் சாக்கை ஈரம் படாமல் இழுத்து வைத்தாள்.

அபிராமத்துக்குத் தெற்கே அந்தப் பக்கமெல்லாம் மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கரி. சீமைக்கருவை மரங்களை வெட்டி, தூரும் கட்டையுமாக வட்டமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போட்டு, மேலே ஈரமண் அப்பி நெருப்பு வைப்பார்கள். அதற்குப் பேர் மூட்டம். ஒரு வாரம் பத்து நாள் உள்ளுக்குள்ளேயே வேகும். எங்கேயாவது மண் வெடித்துக் காற்றுப் போனால் கட்டை கரியாகாமல் சாம்பலாகிவிடும். அதனால் ராப்பகலாக ஆள் சுற்றிச் சுற்றி வந்து வெடிப்பை அடைக்கும். மூன்று நாள் வரைக்கும் மேலே ஏறிக்கூட அடைக்கலாம். அதற்கப்புறம் உள்ளே கட்டை இற்று, மேலே மண் ஓடு மட்டும் நிற்கும். ஆறாம் நாள் மூட்டத்தில் கோழி ஏறினாலும் விரட்டுவார்கள். இதை இளையவன் வீரையாவுக்கு எட்டு வயதிலேயே சொல்லிக்கொடுத்தவள் அவனைப் பெற்ற பிச்சையம்மாள்தான்.

போன வைகாசியில் அது ஆறாம் நாள். சோணைமுத்து தண்ணி வண்டிக்குப் போயிருந்தான். மூட்டத்துக்கு அந்தப் பக்கம் வீரையாவும் மீனம்மாளும் மண் குழைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் பிச்சையம்மாள் தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து நின்றாள். வெட்டிப் போட்ட முள் வழியெல்லாம் கிடந்தது. சுற்றி வந்தால் கொஞ்ச நேரமாகும். அவளுக்கு மிளகாய்க்கொல்லைக்குத் திரும்பிப் போகிற அவசரம்.

“ஏலே வீரையா, எம்புட்டு நேரம் நிக்கிறது? சுத்தி வராம குறுக்க ஓடியாடா!”

இத்தனைக்கும் கஞ்சி ஆறிப்போகும் என்ற கவலைகூட இல்லை. அது காலையிலேயே ஆறின கஞ்சி.

அவன் சிரித்துக்கொண்டே ஏறினான். ஆத்தா சொன்னால் ஏற வேண்டியதுதானே. நாலாவது எட்டில் மண் வாயைத் திறந்தது. மீனம்மாள் விளிம்பில் குப்புற விழுந்து அவன் இரண்டு கையையும் பிடித்தாள். பிடித்தது பிடித்தபடியே இழுத்தாள். அவள் கையில் கடைசியில் தங்கியது எதுவோ, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சனம் கூடிவிட்டது. “ஆருத்தா அவன மேல ஏத்துனது?” என்று யாரோ கேட்டார்கள். பிச்சையம்மாள் தரையில் புரண்டுகொண்டிருந்தவள், தலையைத் தூக்கி, மீனம்மாள் இருந்த பக்கம் பார்த்தாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பார்வையை எடுத்துக்கொண்டு ஊரே மிச்சத்தைப் பேசிக்கொண்டது. ஓட்டை அடைக்க அண்ணிகாரி ஏற்றிவிட்டாள் என்று ஆனது. பிச்சையம்மாள் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. மீனம்மாளும் எதையும் மறுக்கவில்லை. அவள் அன்றிலிருந்து பேசுவதையே விட்டிருந்தாள்.

பேசாதவளைப் பேசவைக்கிற வைத்தியம் என்று சோணைமுத்து கிளம்பினான். அதுதான் ஏர்வாடி, ஏர்வாடி என்று பிச்சையம்மாள் அடித்துக்கொண்டதற்குக் காரணம்.

“நானும் வாரேன்” என்றாள் கடைசியில். “பொம்பளப் புள்ளையத் தனியா அனுப்புறதா?”

“நா கூட வாரேன்ல?”

“நீ ஆம்பள. ஒனக்கு என்னத்தத் தெரியும்?”

*

ராம்நாட்டில் விரலை ஆட்டி வைத்தியம் பார்க்கிற சுலைகா கீழக்கரைப் பெண். முப்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, மூக்குக்கண்ணாடி. மூன்று நாற்காலியும் ஒரு மின்விசிறியும் உள்ள சின்ன அறை. மேசையில் ஒரு தம்ளரில் குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தாள். மீனம்மாள் உள்ளே நுழைந்ததும் அந்தத் தம்ளரைத்தான் பார்த்தாள். சுலைகா அதைக் கவனித்துவிட்டு, கேட்காமலே எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாள். பிச்சையம்மாளுக்கு அப்போதே இந்தப் பெண்ணிடம் பயம் தட்டியது.

“உங்க பேரு சொல்லுங்கக்கா.”

“மீனம்மா” என்றாள் பிச்சையம்மாள்.

“எப்ப இருந்து இப்படி இருக்கு?”

“போன வைகாசியில இருந்து” என்றாள் பிச்சையம்மாள்.

“அம்மா, அக்கா பேசட்டும்.”

“அவ பேசுறதா இருந்தா ஒங்கிட்ட எதுக்குத்தா வாரோம்?”

சுலைகா சிரித்துவிட்டாள். “அதுவும் நியாயந்தான்.” பிறகு சோணைமுத்துவைப் பார்த்து, “மூட்டம்னு சொல்றீங்களே அண்ணே, நான் கடக்கரைக்காரி, பார்த்ததில்ல. வெந்து முடிஞ்சதும் எப்படிப் பிரிப்பீங்க?”

அவனுக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்டதில் உற்சாகம் வந்துவிட்டது. “எடுத்த எடுப்புல தொறக்கக் கூடாது தாயி. உள்ள கனப்பு கெடக்கும். காத்துப் பட்டா குப்புனு புடிச்சு அம்புட்டும் சாம்பலாப் போகும். ஒரு ஓரமா மண்ணத் தள்ளணும், தண்ணி தெளிக்கணும், கொஞ்சம் எடுக்கணும். மறுக்க மூடிப்புடணும். மறுநாளு இன்னொரு ஓரம்.”

“எங்க வேலையும் அதுதாண்ணே. அக்காவுக்குள்ள அந்த நாளு வேகாமயும் ஆறாமயும் கனிஞ்சுக்கிட்டுக் கெடக்கு. அதுதான் பொகையைப் பார்த்ததும் இப்பவே நடக்குற மாதிரி வந்துருது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிக்கணும். கண்ணு ரெண்டு பக்கமும் போய்ப் போய் வர்றப்போ மனசும் நகர ஆரம்பிக்கும். மந்திரம் இல்ல, வசியம் இல்ல. அக்கா முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க. வேணாம்னு கையைத் தூக்கினா நான் நிறுத்திருவேன்.”

“இங்கன சொல்றத எல்லாம் எழுதி வைப்பியா?” என்று கேட்டாள் பிச்சையம்மாள்.

“கொஞ்சம் எழுதுவேன்.”

“ஆருக்காச்சும் காட்டுவியா?”

“மாட்டேம்மா. எங்கிட்ட சொல்றது எங்கிட்டயே இருக்கும்.”

“புருசன் கேட்டாக்கூட?”

சுலைகா அவளை நிமிர்ந்து பார்த்தாள். “யாரு கேட்டாலும்.”

பிச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நா ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போவோம்னேன். இவந்தேன் கேக்கல.”

“போயிட்டு வாங்கம்மா. நானும் போவேன். தர்காவுல துஆ கேட்டு வேண்டிக்கிட்டு, காத்தாட ஒக்காந்துட்டு, சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருங்க. அடுத்த வியாழன் இங்க வாங்க, இன்ஷா அல்லாஹ்.”

முதல் இரண்டு வாரமும் விரலை ஆட்டவே இல்லை. பேச்சுதான். மனசுக்குக் குளிர்ச்சியாக ஒரு இடம் நினைத்துக்கொள்ளச் சொன்னாள் சுலைகா. மீனம்மாள் வெகுநேரம் கழித்து, “கம்மா” என்றாள். பத்து மாதத்தில் முதல் வார்த்தை. கண்மாய் நிறைந்த வருஷம், கழுத்து வரைக்கும் தண்ணீரில் முங்கி நின்றது, காலுக்கடியில் சேறு ஜில்லென்று இருந்தது. துண்டு துண்டாகச் சொன்னாள். சோணைமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினான்.

மூன்றாவது வாரம் மற்ற இருவரையும் வெளியே உட்காரச் சொன்னாள் சுலைகா. சோணைமுத்து டீக்கடைக்குப் போனான். பிச்சையம்மாள் ஜன்னலுக்குக் கீழே போய் உட்கார்ந்து, பிறகு எழுந்து, பாதி மூடின கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

“அந்த நாள்ல ரொம்பக் கொடுமையா எது கண்ணுக்குள்ள நிக்குது?”

“கையி.”

“அதை நெனைக்கிறப்போ உங்களைப் பத்தி என்ன தோணுது?”

“நா விட்டுட்டேன். விட்ட கையி இது.”

“அந்தப் பாரம் எவ்வளவு இருக்குக்கா? ஒண்ணுமில்லன்னா வெறும் சாக்கு. தாங்கவே முடியலன்னா பத்து மூட்டை கரி.”

“பத்து.”

சுலைகா நாற்காலியைப் பக்கவாட்டில் நகர்த்திப் போட்டாள். இரண்டு விரலைச் சேர்த்து மீனம்மாளின் முகத்துக்கு எதிரே பிடித்து இடமும் வலமுமாக நகர்த்தினாள். மீனம்மாளின் தலை அசையவில்லை, கண் மட்டும் போய்ப் போய் வந்தது. பரமக்குடியில் தறிக்கூடத்து வாசலில் நின்று நாடா ஓடுவதைப் பிச்சையம்மாள் பார்த்திருக்கிறாள். அதே மாதிரி இருந்தது. அங்கே, இங்கே. அங்கே, இங்கே. இருபது முப்பது தரம். பிறகு விரல் நின்றது.

“மூச்சை விடுங்க. இப்ப என்ன வருது?”

“பொகை.”

“சரி, அதோட போங்க.”

மறுபடி அங்கே, இங்கே.

“இப்ப?”

“வெயிலு. கொழுந்தனாரு சிரிக்கிறாரு.”

“போங்க.”

“இப்ப?”

“சத்தம் கேக்குது.”

பிச்சையம்மாள் காதைக் கதவிடுக்கில் வைத்தாள். என்ன சத்தம் என்று சுலைகா கேட்பாள், இவள் சொல்வாள், இதோ இப்போது என்று நின்றாள். சுலைகா கேட்கவில்லை. “அதோட போங்க” என்று மட்டும் சொன்னாள். முடிக்கும்போது, கண்மாய்த் தண்ணீரில் கழுத்து வரைக்கும் முங்கி நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள்.

வெளியே வரும்போது மீனம்மாளுக்கு முகமெல்லாம் வியர்வை. எட்டு மூட்டை என்று சொன்னாளாம். திரும்பி வரும் பஸ்ஸில் சத்திரக்குடி தாண்டவில்லை, தூங்கிவிட்டாள். தலை மாமியாரின் தோளில் வந்து விழுந்தது. ஒரு வருஷமாகத் தூங்காத தலை. பரமக்குடி வரைக்கும் பிச்சையம்மாள் தோளை அசைக்கவில்லை. அசைக்காமல் இருந்தது பாசத்தாலா பயத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

*

ஐந்தாவது வாரம் ஆறு மூட்டைக்கு வந்தது. அதுதான் சோணைமுத்துவைக் கெடுத்தது.

“வாரத்துக்கு ஒரு தடவைக்கே நாலு மூட்டை எறங்கிருச்சு. தெனமும் ஆட்டுனா?” என்றான் மிளகாய்க் களத்திலிருந்து திரும்பியதும். சாயங்காலம்கூட ஆகவில்லை, வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. “தெவசத்துக்குப் பதினஞ்சு நாளுதேன் கெடக்கு. ஒரு தண்ணி கூடப் பாய்ச்சுனா பயிரு வேணாம்னா சொல்லப் போகுது?”

“ஏலே, அந்தப் புள்ள படிச்சது. நீ கருவை வெட்டுறவன்.”

“வெரலு எல்லாருக்கும் ஒரே வெரலுதேன் ஆத்தா.” மீனம்மாளின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். “நீ பாரு புள்ள. அன்னைக்கி நடந்தத நெனச்சுக்க. நல்லா நெனச்சுக்க.”

அவள் கட்டினவனை நம்பிப் பார்த்தாள். கருவை முள் குத்திக் குத்திக் காய்த்துப்போன இரண்டு விரல், வேகவேகமாக ஆடியது. பாதியில் நிறுத்தவும் இல்லை, மூச்சு விடச் சொல்லவும் இல்லை, என்ன வருகிறது என்று கேட்கவும் இல்லை.

“நெனைக்கிறியா? நெனை. இன்னும் நெனை.”

மீனம்மாளின் கண் ஓடுவதை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது. மறுகணம் முன்னால் பாய்ந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“சுத்தி வாங்க! கொழுந்தனாரே, ஏறாதீக, சுத்தி வாங்க! அய்யோ, குறுக்க வராதீக!”

“மீனா! நாந்தேன் புள்ள, நாந்தேன்!”

“காலு! காலு உள்ள போகுது! விடாதீக, கைய விடாதீக!”

அவள் இழுத்த இழுப்பில் சோணைமுத்து குப்புற விழுந்தான். மணிக்கட்டில் அவள் நகம் பதிந்து ரத்தம் கசிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், பிடிபட்ட கையிலேயே அந்த இரண்டு விரலை இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

“நிறுத்துலே, கூறுகெட்டவனே!”

பிச்சையம்மாள் ஓடிவந்து அவனைத் தள்ளினாள். மீனம்மாளின் கைகளைப் பிடுங்கிச் சட்டித் தண்ணீருக்குள் அமுக்கி, அவள் முகத்தைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

“ஏத்தா, இங்கன பாரு. நா அத்தை. கம்மாய்த் தண்ணித்தா இது. கழுத்து வரைக்கும் நிக்கிற. காலுக்குக் கீழ சேறு. சேறு ஜில்லுனு இருக்கா? இருக்குல்ல? முங்கு. எந்திரி. இன்னொருக்கா முங்கு.”

எவ்வளவு நேரம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாளோ. மீனம்மாளின் மூச்சு தணிந்து, உடம்பு தொய்ந்து, மாமியாரின் மடியில் சரிந்தது.

சோணைமுத்து எழுந்து சுவரோரம் உட்கார்ந்தான். கொஞ்சநேரம் தன் விரல்களைப் பார்த்தான்.

“ஆத்தா.”

“என்னலே?”

“சுத்தி வாங்கன்னு சொல்லியிருக்கா.”

பிச்சையம்மாள் மருமகளின் தலைமுடியை ஒதுக்கினாள்.

“ஏறாதீகன்னு சொல்லியிருக்கா ஆத்தா. ஊரெல்லாம் இவதேன் ஏத்திவிட்டான்னு… நானும் அதத்தேன் நெனச்சேன். ஒரு வருசமா இவ மொகத்த நேராப் பாக்கல. வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போனேனே ஒழிய, உள்ளுக்குள்ள நெனச்சுக்கிட்டுத்தேன் போனேன்.” அவன் நிமிர்ந்து தாயைப் பார்த்தான். “அப்ப அவன் எதுக்குக் குறுக்க வந்தான்? ஆறாம் நாளுன்னு அவனுக்குத் தெரியாதா?”

“எனக்கு என்னத்தத் தெரியும்?”

“நீ அங்கனதான நின்ன?”

“கருவை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. பொகை வேற. வாய மூடுலே, அவ தூங்குறா.”

அவன் மணிக்கட்டில் கசிந்த ரத்தத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். பிச்சையம்மாளின் மடியில் கனம் ஏறிக்கொண்டே போனது. மடியில் இருப்பவள் இன்னும் இரண்டு சொல் கூடுதலாகக் கத்தியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். குறுக்கே கூப்பிட்டது யார் என்று மட்டும் அவள் கத்தவில்லை. அது இன்னும் உள்ளேதான் இருக்கிறதா, இல்லை, அந்தப் புகையில் அவள் காதில் விழவே இல்லையா?

வியாழக்கிழமை சுலைகா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சோணைமுத்துவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“தண்ணி தெளிக்காம தொறந்துட்டீங்களேண்ணே.”

அவன் செருப்பால் அடிபட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். சுலைகா பிச்சையம்மாள் பக்கம் திரும்பினாள். “கம்மாயை நெனைக்கச் சொல்லணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“கதவுச் சந்துல பாத்தேன்.”

“பார்க்கக் கூடாதும்மா. ஆனா பார்த்தது நல்லதாப் போச்சு.”

அன்று மீனம்மாளை உள்ளே அனுப்பிவிட்டு, சுலைகா கதவைச் சாத்தப் போகும்போது பிச்சையம்மாள் அவள் கையைப் பிடித்தாள். அடிக்குரலில் கேட்டாள்.

“என்னமோ சத்தம் கேக்குதுன்னாளே அன்னைக்கி. என்ன சத்தம்னு சொன்னாளா?”

“அதை அக்காகிட்டதான் கேக்கணும்மா.”

“ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“உங்களுக்குத் தூக்கம் வருதாம்மா?” என்றாள் சுலைகா.

பிச்சையம்மாள் சட்டென்று கையை விட்டுவிட்டாள். “எனக்கென்ன. கெழவி. நல்லாத்தேன் தூங்குறேன்.”

சுலைகா தலையசைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அந்தத் தடவை பிச்சையம்மாள் சந்தில் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து, வெயில் நகர நகர அவளும் நகர்ந்து உட்கார்ந்தாள்.

*

தெவசத்துக்கு முந்தின நாள் காலை. பிச்சையம்மாள் கொல்லைக்குப் போய்விட்டு முருங்கைக்கீரையோடு திரும்பி வரும்போது வீட்டுக்கூரையில் புகை தெரிந்தது. கீரையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வீட்டுக்குள்ளே மீனம்மாள் அடுப்பு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் சமைத்துக்கொண்டிருந்ததால் ஒரு வருஷமாகச் சாம்பல்கூட இல்லாமல் கிடந்த அடுப்பு. கருவைச் சுள்ளியை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். கை காய்ந்திருந்தது. தண்ணீர்ச் சட்டி வாசலோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“ஏத்தா…”

“ஒலை வச்சிருக்கேன் அத்த. நாளைக்கி வைக்க வருமான்னு இன்னைக்கி வச்சுப் பாத்தேன்.” புகை கண்ணில் ஏறி நீர் வழிந்தது. புறங்கையால் துடைத்தாள். “சுலைகா கேட்டுச்சு, எத்தன மூட்டைன்னு. அரை மூட்டைன்னேன்.”

பிச்சையம்மாள் அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். 

“நா விட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் அத்த. இப்ப அந்த எடத்துக்குப் போயி நின்னு பாத்தா, நா விடல. என் கை புடிச்சுக்கிட்டுத்தேன் இருக்கு. அவருதேன் நழுவிட்டாரு.”

“நீ விடலத்தா. நீ எதுக்கு விடப் போற?”

“அன்னைக்கே இத நீங்க சொல்லியிருக்கலாம்ல?”

அதில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பிச்சையம்மாள் திருப்பிக் கத்தியிருப்பாள், அது அவளுக்குப் பழக்கமானதுதான். அவள் ஒரு சுள்ளியை எடுத்து ஒடித்தாள். ஒடித்ததை மறுபடி ஒடித்தாள்.

“சத்தம் கேக்குதுன்னியே, அது…”

“இப்பவும் கேக்குது. முன்ன காதுக்குள்ள கேக்கும். இப்ப கம்மாய்க்கு அந்தக் கரையில இருந்து கேக்குற மாதிரி கேக்குது.”

“என்ன சத்தம்?”

மீனம்மாள் வாசலைப் பார்த்தாள். சோணைமுத்து சைக்கிளில் தண்ணீர்க்குடங்களோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்தான்.

“அது எதுக்கு இப்ப? ஒலை கொதிக்குது. அரிசி களைஞ்சு தாங்க.”

அப்போதுதான் பிச்சையம்மாளுக்குப் புரிந்தது. இவளுக்குத் தெரியும். புகையில் கேட்காமல் போகவில்லை. வைத்தியத்தில் புதிதாக ஞாபகம் வரவும் இல்லை.

“என்னைக்கிருந்துத்தா தெரியும் ஒனக்கு?”

“அன்னைக்கே தெரியும். நா அவரு பக்கத்துலதான நின்னேன்.”

“எதுக்குத்தா சொல்லல? ஊரே ஒன்னியப் பேசுச்சே. ஒம்புருசனும் அப்படித்தேன நெனச்சான்.”

“சொன்னா ஒங்க மகன் ஒங்கள ஆத்தான்னு கூப்புடுவாரா?” மீனம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். “மொதல்ல பேச்சு வரல. பெறகு வந்தப்ப, இத எதுக்குச் சொல்லணும்னு இருந்துச்சு. எனக்கு ஒரு கையி. ஒங்களுக்கு ஒரு வாயி. நா தண்ணியில முக்கி வச்சேன். நீங்க எதுல முக்கி வைப்பீக?”

சைக்கிளைச் சுவரில் சாய்க்கிற சத்தம் கேட்டது. பித்தளைக்குடம் ஒன்றோடு ஒன்று இடித்தது.

“யே, பொகை வருது!” சோணைமுத்து நிலைப்படியில் தலையை நீட்டினான். அடுப்பையும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த மீனம்மாளையும் பார்த்தான். கையிலிருந்த குடத்தை இறக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றான். முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. “ஆத்தா, பாத்தியா? எம்பொண்டாட்டி அடுப்பு வச்சுட்டா! வெரல ஆட்டுனா ஈ ஓட்டுறதான்னு கேட்டேல்ல? இப்பச் சொல்லு!”

“ஒண்ணும் சொல்ல வேணாம்” என்றாள் மீனம்மாள் அவசரமாக. “குடத்த எறக்குங்க. அத்த, நீங்க அரிசி களையப் போங்க.”

“ரெண்டு பேரும் என்னமோ பேசிக்கிட்டு இருந்தீகளே, நா வரவும் நிறுத்திப்புட்டீக?”

“தெவசத்துச் சோத்துப் பேச்சுதேன். வேற என்ன?”

பிச்சையம்மாள் எழுந்திருக்கவில்லை. கையில் ஒடித்து வைத்திருந்த சுள்ளிகளை ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டாள். கடைசிச் சுள்ளி எரிந்து பிடிக்கிற வரைக்கும் பார்த்தாள். மீனம்மாள் அவள் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். காய்ந்த, சூடான கை. பிச்சையம்மாள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, மகன் நின்ற வாசலைப் பார்க்காமல், அவனுக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

“ஏத்தா மீனா, சுத்தி வராம குறுக்க ஓடியாடான்னு அவனக் கூப்புட்டவளுக்கும் அந்தப் புள்ள வெரலக் காட்டுமா?”